கடைசிப் பெட்டியின் எடை

எழுபது மணல் மூட்டைகளும் பணிமனைத் தரையிலேயே கிடந்தன. ரயிலோ கிளம்பிப் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

பயிற்சிக்கு வந்திருந்த பொறியியல் மாணவி மறுபடி எண்ணிப் பார்த்தாள். எழுபதேதான்.

அதிவேக ரயிலின் கடைசி ஒத்திகை அன்று. பாதுகாப்புச் சோதனைகள் முடிந்து போன வாரமே சான்றிதழும் வந்துவிட்டது. இனி நேரம் பார்ப்பதுதான் பாக்கி. அதற்கும் ரயில் முழு எடையோடு ஓட வேண்டும் என்பது விதி. பயணிகள் இன்னும் இல்லாததால் இருக்கைக்கு ஒன்றாக அறுபது கிலோ மூட்டையை உட்கார வைப்பார்கள். கடைசிப் பெட்டிக்கு எழுபது மூட்டை. சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது மாணவியின் வேலை.

மேற்பார்வையாளர் படிவத்தை நீட்டினார். கடைசிப் பெட்டிக்கு நேரே 'முழு எடை' என்று எழுதியிருந்தது.

"இதுல நான் கையெழுத்துப் போடணுமா சார்? மூட்டையெல்லாம் இங்க தூங்குது."

அவர் தலையைச் சொறிந்தார்.

மூட்டை தூக்குகிற ஆட்கள் எங்கே என்று கேட்டாள். லீவு கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அதுவும் ஒத்திகை நாளில், யாரைக் கேட்டு லீவு என்றாள்.

பணிமனையில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். சும்மா வைக்கவில்லை. வந்த மூன்று மாதத்தில் அவள் வாதாடாமல் விட்டது காவலாளியின் நாயை மட்டும்தான்.

"நாளன்னிக்கு ஜனங்க நம்பி ஏறப்போறாங்க. இப்பவே பொய் எழுதினா எப்படி? ரயில் வேகமா ஓடினாப் போதாது சார். ஓட்டுறவங்க யோக்கியமா இருக்கணும்."

"நியாயம்தான்."

நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு நிற்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? அவளுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. கட்டுப்பாட்டு அறையில் சொல்லி ரயிலை வழியிலேயே நிறுத்தச் சொல்கிறேன் என்று போனை எடுத்தாள்.

அப்போதுதான் அவர் முகம் மாறியது.

"வேண்டாம்மா. போய்த் திரும்பி வரட்டும். அப்புறம் என் சீட்டைக் கிழிச்சாலும் சரி. நடுவுல மட்டும் நிறுத்திடாதே."

மனிதர் கெஞ்சியது என்னவோ போலிருந்தது. ரயிலை விட்டுவிட்டாள். ஆனால் அவரை விடவில்லை. தலைமைப் பொறியாளரைக் கூப்பிட்டு எடை குறைகிறது என்று சொல்லிவிட்டாள்.

அரை மணியில் அவர் வந்தார். மூட்டைகளைப் பார்த்தார். மேற்பார்வையாளரைப் பார்த்தார். நேரே நடைமேடைக்கு நடந்தார். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள்.

ரயில் குறித்த நொடிக்கு வந்து நின்றது. கடைசிப் பெட்டியின் கதவு திறந்தது.

முதலில் இறங்கியவர், மூட்டை தூக்குகிற ஆள். சலவைச் சட்டை, படிய வாரிய தலை. பின்னால் அவர் மனைவி. அப்புறம் தண்டவாளம் போட்டவர்கள், ஜல்லி சுமந்தவர்கள், குடும்பம் குடும்பமாக. நாளை விடிந்தால் எல்லாரும் வேறு ஊர் வேலைக்குக் கிளம்புகிறவர்கள். டிக்கெட் வாங்கி இந்த ரயிலில் ஏற அவர்களில் ஒருவருக்கும் வாய்க்கப் போவதில்லை.

கம்பி கட்டுகிற அக்கா மாணவியைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு வருஷம் கட்டின பாலம் வக்கீலம்மா. தும்மி முடிக்கிறதுக்குள்ள போயிடுச்சு. திரும்பி வர்றப்பதான் மூச்சை அடக்கிக்கிட்டு ஒழுங்காப் பார்த்தேன்."

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

மேற்பார்வையாளர் தன் செருப்பைப் பார்த்தபடி நின்றார். தலைமைப் பொறியாளர் அவரிடமிருந்து படிவத்தை வாங்கிக்கொண்டு மாணவி பக்கம் திரும்பினார்.

"எடை குறையுதுன்னு சொன்னியேம்மா. எவ்வளவு குறையுது?"

மாணவி படிவத்தை அவர் கையிலிருந்து வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

"குறையல சார். ஒன்பது பேர் மடியில குழந்தை வேற. கொஞ்சம் கூடவே வரும்."