மீன் விடாத தொட்டி

சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் மனைவிக்காகக் காத்திருந்தான். அவள் குளித்துக்கொண்டிருந்தாள்.

பச்சைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாத கண் அவனுக்கு. கல்யாணமான புதிதில் பழம் என்று நினைத்து ஒரு சீப்பு வாழைக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தவன். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். அதெல்லாம் ஒரு காலம்.

அதனால் சனிக்கிழமைதோறும் தொட்டித் தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டு அவன் குலுக்குவான், நிறத்தை அவள் சொல்லுவாள். பச்சை என்றால் தண்ணீரில் இன்னும் விஷம் இருக்கிறது. மஞ்சள் என்றால் மீன் விடலாம்.

தொட்டியில் இப்போதைக்கு உப்புத் தண்ணீரும் கற்களும்தான். இறால் ஒன்றைப் போட்டு அழுக விட்டிருந்தான். அழுகினால் விஷம் ஊறும். அந்த விஷத்தைத் தின்கிற கிருமிகள் கற்களில் பெருகும். பெருகினால்தான் கடல் மீன் பிழைக்கும். அவசரப்பட்டு விட்டால் மறுநாளே மிதக்கும். உனக்கு வேறு வேலையே இல்லையா என்று அக்கா கேட்டாள். மகளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, என்ன செய்ய?

மீன் வந்ததும் அவன் வீட்டை விட்டுப் போவதாகப் பேச்சு.

புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடாமல் பேசி முடித்த ஒரே விஷயம் அது. சண்டைக்கும் தெம்பு வேண்டுமே, அது எப்போதோ தீர்ந்துவிட்டது. குழந்தை ஆசைப்பட்ட மீனை வாங்கிக் கொடுத்துவிட்டு, ஆற அமர அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அவரவர் வழியைப் பார்த்துக்கொள்வது. ஆபீசுக்குப் பக்கத்தில் அறைகூடப் பார்த்தாகிவிட்டது.

வருத்தமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி கிடந்தது மனசு.

ஒவ்வொரு வாரமும் அவள் வருவாள், குழாயைப் பார்ப்பாள், "இன்னும் பச்சை" என்பாள், தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். இந்த இறால் என்ன சாகாவரம் வாங்கி வந்ததா என்று அவனுக்கே அலுத்துவிட்டது.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்கிற வழியாக இல்லை. ரொம்ப நேரம் வைத்தால் நிறம் மாறிவிடும். சோபாவில் காலை ஆட்டிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டான்.

"இது என்ன நிறம்னு பார்த்துச் சொல்லுடா கண்ணு."

அவள் எழுந்திருக்கக்கூட இல்லை.

"மஞ்சள்பா. போன மாசமே மஞ்சள்தான். அப்போ மீன் வாங்கலாமான்னு கேட்டதுக்கு, அப்பாகிட்ட மூச்சு விடாதேன்னுட்டாங்க அம்மா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கண்ணுக்குப் பச்சையும் மஞ்சளும் ஒன்றுதான். சிரிப்பு வந்தது.

கதவு திறந்தது. ஈரத் தலையைத் துவட்டியபடியே மனைவி வந்தாள். குழாயை வாங்கக் கையை நீட்டினாள்.

அவன் கொடுக்கவில்லை.

அவள் மகளைப் பார்த்தாள். மகள் தொட்டியைப் பார்த்தாள்.

"பச்சைதான்" என்றான் அவன்.