வெறும் தண்ணீர்க் குழாய்

எச்சில் மாதிரிகளிலிருந்து மனித டி.என்.ஏ.வை நீக்கி, கிருமிகளுடையதை மட்டும் மிச்சம் வைப்பது அவள் வேலை. வெளியிலிருந்து எதுவும் கலந்துவிடவில்லை என்று உறுதி செய்ய, கூடவே ஒரு சோதனைக் குழாயில் வெறும் தண்ணீரும் போகும். அதில் எதுவும் வரக்கூடாது. இந்த முறை மனித டி.என்.ஏ. வந்தது.

"உங்க எச்சில் தெறிச்சிருக்கும்க்கா," என்று கூட வேலை செய்பவன் அதை அவளுடைய டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டுப் பார்த்தான். "இல்ல, பாதிதான் பொருந்துது. அம்மாவுக்கும் பொண்ணுக்கும் இருக்கிற மாதிரி. பொண்ண லேபுக்குக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"எனக்கேதுப்பா பொண்ணு? உண்டானது ஒண்ணு. ஏழாம் மாசம் வயித்துலயே போயிடுச்சு."

புதுத் தண்ணீர், புதுக் குழாய் வைத்துத் திரும்பச் செய்தார்கள். அதே பாதி.

"கொட்டிடுங்கக்கா," என்றான் மெதுவாக.

அவள் கொட்டவில்லை. எடுத்துவைக்க ஃப்ரீசர் கதவைத் திறந்தவள், குழாயை உள்ளங்கையில் பொத்தியபடியே நின்றுவிட்டாள். உள்ளே ரொம்பக் குளிரும்.