கூண்டு வண்டிக்குப் புது ஆள்

"கையை நீட்டும்மா, பாக்கறேன்."

வேலை கேட்டு வந்தவள் நீட்டினாள். சூப்பர்வைசர் கைரேகை பார்ப்பவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். பத்து விரலும் பத்திரமாக இருந்தன. முப்பது வயதிருக்கும், அதிகம் வாய் பேசாத ரகம். கடையின் கிடங்கு வேலைக்குத் தோதான ஆள்தான்.

"இதுதான் கூண்டு வண்டி. இங்க சரக்கை ஏத்தி, அந்த வாசல் வழியா கடைக்குள்ள தள்ளணும். எங்க, தள்ளு பாக்கலாம்."

நாலு பக்கமும் கம்பி அடைத்து, எண்ணெய் டின்கள் அடுக்கிய சக்கர வண்டி அவளைவிட உயரமாக நின்றது. புதிதாக வருகிறவர்கள் பக்கத்துக் கம்பிகளைத்தான் பிடிப்பார்கள். இவள் கைகளை ஒடுக்கி நடுக்கம்பியைப் பிடித்தாள். வாசலுக்கு முன்னால் இருந்த சரிவு வருவதற்கு நாலடி முன்பே வேகத்தைக் குறைத்தாள். வண்டி வாசல் நிலையை உரசிக்கொண்டு உள்ளே போனது.

சூப்பர்வைசருக்குச் சுருக்கென்றது. "முன்னாடி எந்தக் கடையில இருந்தே?"

"எங்கயும் இல்ல சார். கையுறை தருவீங்களா?"

போச்சுடா என்று நினைத்தார். தொழிலாளர் ஆபீஸில் இப்படி ஆளனுப்பி வேவு பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். குரல் தானாக மரியாதைக்கு மாறியது.

"கையுறைக்கு எழுதிப் போட்டிருக்கோம், வந்துடும்ங்க. இங்க எல்லாம் பாதுகாப்புதான். போன மாசம் ஒருத்தன் வண்டிக்கும் வாசலுக்கும் நடுவுல ரெண்டு கையையும் நசுக்கிக்கிட்டான், வாஸ்தவம். கவனக்குறைவு! அவனே அப்படி எழுதிக் கொடுத்துட்டான்."

"ரெண்டு கையும் நசுங்கினவர் எப்படி சார் எழுதினார்?"

"மேடம், நீங்க எந்த ஆபீஸ்? முதலாளிகிட்டயே பேசிடலாமே..."

"ஆபீஸெல்லாம் இல்ல சார். எனக்கு வேலை வேணும். எங்க கையெழுத்துப் போடணும்?"

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. படிவத்தை நீட்டினார். காயம் பட்டால் கடை பொறுப்பல்ல என்ற வரியில் அவள் விரல் ஒரு நிமிடம் நின்றது. பிறகு கையெழுத்துப் போட்டாள்.

"அது சரி, வண்டியைப் பிடிக்கிற பக்குவத்தை யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

பேனாவை மூடி அவர் மேசையில் வைத்தாள்.

"கவனக்குறைவுன்னு சொன்னீங்களே, அவருக்கு மூணு வேளையும் நான்தான் சார் ஊட்டி விடறேன்."