கூடத்துச் சுவரில் ஒரு படம்

என் உயிர் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஊரப்பாக்கத்தில் வீடு பார்க்கப் போனபோது மகன் ரகுபதியும் மருமகள் மைதிலியும் என்னையும் கூட்டிப் போனார்கள். இப்போதெல்லாம் வீட்டை இன்றைக்கு இருக்கிறபடி யார் பார்க்கிறார்கள்? புரோக்கர் தாமோதரன் ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்தார். போட்டுக்கொண்டால், நாங்கள் குடியேறி ஐந்து வருஷம் கழித்து அந்த வீடும் தெருவும் எப்படி இருக்கும் என்று தெரியும்.

தெருவில் மழைத்தண்ணீர் தேங்கவில்லை. எதிரிலேயே பள்ளிக்கூடம் வந்திருந்தது. மைதிலிக்கு வாயெல்லாம் பல். உள்ளே திரும்பினால், கூடத்துச் சுவரில் முகம் மட்டும் மங்கலாக, சந்தன மாலை போட்ட படம் ஒன்று, அதன் கீழே சின்னச் சிவப்பு விளக்கு.

"யாருங்க அது?" என்றாள்.

"முகத்தைக் காட்டச் சட்டத்துல இடமில்லம்மா," என்றார் தாமோதரன். "ஆனா தெற்குச் சுவர். வாஸ்துப்படி சரியா மாட்டியிருக்கீங்க."

"நானாத்தான் இருக்கும். எனக்குத்தானே சுகர்," என்றான் ரகுபதி.

"வாயைக் கழுவுங்க! அது நான்தான்," என்று அவள் அழுதாள். வீடே வேண்டாம் என்று இருவரும் வாசலுக்கு நடந்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "டேய், எண்பது வயசுல ஒருத்தன் நிக்கிறது உங்க கண்ணுக்குத் தெரியலையா? அது நான்டா!" என்றேன்.

இரண்டு பேர் முகத்திலும் எவ்வளவு நிம்மதி! அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டார்கள்.

அந்தச் சுவரில் மாலையோடு நான் தொங்க ஆரம்பித்து இந்தத் தையோடு இரண்டு வருஷம் ஆகிறது.