நகலுக்குச் சாகத் தெரியவில்லை

“நீங்க ஷூட்டிங்குக்குப் போகக் கூடாது…”

“போகத்தான் போறேன், குமுதா…”

“நெஞ்சுவலி வந்த மனுசன் சாகிற மாதிரி நடிக்கணுமா? அதான் உங்க நகல் நடிக்குதே!”

தொலைக்காட்சியில் ஒரு விண்கலத் தொடரில் சமையல்காரராக வந்து ஊரையே சிரிக்க வைத்தவர் மாசிலாமணி. அவர் ஓய்வெடுத்த பிறகும், கணினியில் செய்த நகல் அந்த வேடத்தைத் தொடர்ந்தது. இப்போது கதையில் சமையல்காரர் சாக வேண்டும்.

“அது செத்துக் காட்டினா எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்களாம். என் சேட்டையை மட்டும்தானே அதுக்குச் சொல்லிக் குடுத்தாங்க!”

“உங்களுக்கு மட்டும் வேற என்ன தெரியுமாம்?”

அவர் கண்ணை மூடிச் சோபாவில் சாய்ந்தார். கை மெல்லத் தளர்ந்து தொங்கியது. மனைவி குமுதவல்லிக்கு எழுந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. முந்தானை தானாகக் கண்ணுக்குப் போனது.

மூடிய கண்ணைத் திறக்காமலே அவர் கேட்டார்.

“சிரிப்பு வருதாடி?”