லிண்ட்னர் வளையம்

லிண்ட்னர் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அந்த ஜெர்மன் கிராமத்தில் கூடுவார்கள். பெயருக்குக் காரணமான லிண்டன் மரத்தின் நிழலோரமாகக் கைகோத்து வளையமாக நிற்பார்கள். வளையம் ஒருமுறைகூட முழுமையானதில்லை. மரம் விரிந்துகொண்டே போகிறது; கனடா, பிரேசில் என்று குடியேறிப் போனவர்களோ வரவரக் குறைவாகத்தான் வருகிறார்கள்.

இம்முறை தரங்கம்பாடியிலிருந்து தவசகாயம் லிண்ட்னர் தன் மனைவி நவோமியுடன் வந்து, தள்ளியே நின்றுகொண்டிருந்தார்.

"போங்களேன். இந்தப் பேர வச்சுத்தானே இவ்ளோ தூரம் வந்தோம்?"

"ரத்த சொந்தமான்னு கேட்டா? லிண்ட்னர் பாதிரியார் எடுத்து வளத்த அனாதப் புள்ளதானே நம்ம பாட்டன்."

"கேட்டா சொல்லிக்கலாம். இவங்களுக்குக் கொண்டாந்த முறுக்கு நமுத்துப் போவுது."

கூட்டத்தை நடத்திய ஹில்டகார்ட் அம்மையார் அருகே வந்ததும், அவர் கேட்பதற்கு முன்பே தவசகாயம் ஆங்கிலத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார். அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார்.

"முதல் லிண்ட்னரும் இந்த மரத்தடியில் யாரோ விட்டுப்போன குழந்தைதான். பெற்றது யாரென்று இன்றுவரை தெரியாது. கையைக் கொடுங்கள்."

பிரேசில்காரி ஒருத்தி தவசகாயத்தின் கையைப் பற்றிக்கொண்டாள். வளையம் மூட, அவருக்கு மறுபக்கம் இன்னும் ஓர் ஆளுக்கு மட்டும் இடமிருந்தது. எல்லோரும் நவோமியைப் பார்த்தார்கள்.

"நான் கட்டிக்கிட்டு வந்தவதானே," என்று முனகியபடி அவள் முறுக்குப் பையைப் புல்லில் வைத்தாள். ஊரில் கோயிலுக்குள் நுழைவதுபோலச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

அதைப் பார்த்த பிரேசில்காரி, பற்றிய கையை விடாமலே, ஒரு காலால் மறுகாலின் பூட்ஸை நெம்பத் தொடங்கினாள்.