பாறைமேல் ஒரு பிடி கடுக்காய்

வத்தல்மலை அடிவாரத்தில் சர்க்கார் நடத்திவந்த கடுக்காய்க் கிடங்கு இன்றுமுதல் சேலத்து முதலாளி ஒருவருக்குச் சொந்தம். கதவிலிருந்த கிரீட முத்திரைமேல் எழுதிய அவர் பெயர் ஈரம் காயாமல் வெயிலில் மினுங்குகிறது. மலையிலிருந்து சுமந்துவந்த கூடையை இறக்கிய சின்னபொண்ணு, வழக்கம்போல முதல் பிடியை மலைச்சாமிக்கென்று வாசல் பாறையில் வைக்கிறாள். இதுவரை கிடங்கைப் பார்த்துவந்த வெள்ளைக்காரத் துரைகூட அந்தப் பிடியை விட்டு ஒதுங்கித்தான் நடப்பார். முதலாளியின் ஆளோ செருப்புக் காலாலேயே அதைச் சாக்குக்குள் தள்ளுகிறான். “காட்டுல வெளையறதெல்லாம் இனி எங்க மொதலாளிக்குத்தான்” என்கிறான். “அப்ப சாமியையும் சேத்து வித்துப்புட்டாங்களா?” என்றவள், கூடையையே தூக்கிப் பாறைமேல் கவிழ்க்கிறாள். கடுக்காய்கள் சடசடவென்று உருள்கின்றன. “அத்தனையும் சாமிக்குத்தான். இப்பத் தொட்டுப் பாருடா!” அவன் கால் அசையவில்லை. அவளுக்குப் பின்னால் காய் போட வரிசையில் நிற்கும் பெண்களின் கூடைகள் ஒவ்வொன்றாகப் பாறைப் பக்கம் திரும்புகின்றன.